ஆக்டேவ் மொழியில் செயற்கூறுகளின் திருத்த நேரப் பதிவு: ஒரு திறனாய்வு

குனூ ஆக்டேவ் என்பது எண்சார் கணிப்புகளுக்கான ஒரு கட்டற்ற நிரல்மொழி. அம்மொழியில் எழுதப்பட்டவற்றை உடனுக்குடன் நிறைவேற்றும் வரிமொழிமாற்றிக்கும் அதுவே பெயர். வேதிவினைக்கலன் வடிவமைப்பு பற்றிய ஒரு பாடநூலுக்குத் துணையாக இருக்கட்டும் என்று 1988 அளவில் எண்ணப்பட்ட மென்பொருள் இது. ஜான் ஈட்டன் 1992 இல் முழுமூச்சாக இதை எழுதத் தொடங்கினார். 1994 பிப்ரவரியில் 1.0 பதிப்பு வெளிவந்தது. இசையின் எட்டாம் சுரத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை; ஈட்டனின் பேராசிரியர்களுள் ஒருவரான ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயரே மொழிக்கு இடப்பட்டது. மேட்லேப் மொழியோடு பெரிதும் ஒத்துப்போவதால், உரிமக் கட்டணம் செலுத்த இயலாத மாணவர்களும் ஆய்வாளர்களும் இதைப் பரவலாகப் பயன்படுத்துகின்றனர்.

ஒரு செயற்கூற்றை நினைவகத்தில் ஏற்றும்போது ஆக்டேவ் அதன் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பை வைத்தே, செயற்கூற்றின் கோப்பு பின்னர் திருத்தப்பட்டதா, மீண்டும் படிக்க வேண்டுமா என்று முடிவு செய்கிறது. பயன்படுத்துவோரின் கண்ணில் அநேகமாகப் படாத ஏற்பாடு இது. ஆனால் ஒரு கணிப்பின் விடை எந்த நிரலிலிருந்து பிறந்தது என்ற கேள்வி எழும்போது, இந்தச் சிறிய குறிப்பின் பலமும் பலவீனமும் வெளிப்படுகின்றன.

ஏற்பாடு இயங்கும் விதம்

ஆக்டேவில் ஒரு செயற்கூறு வழக்கமாகத் தனக்கென ஒரு கோப்பில் இருக்கும். முதன்முறை அழைக்கப்படும்போது வரிமொழிமாற்றி தேடுபாதையில் உள்ள அடைவுகளில் அக்கோப்பைக் கண்டுபிடித்துப் படிக்கிறது. அதை உள்வடிவத்துக்கு மாற்றி நினைவகத்தில் வைக்கிறது. கோப்பின் முழுப்பெயரையும் நேரத்தையும் உடன் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை அழைக்கப்படும்போது நினைவகத்தில் இருப்பதே போதும்; இடையில் கோப்பு திருத்தப்பட்டிருந்தால் மட்டும் மீண்டும் படிக்க வேண்டும்.

வட்டில் உள்ள கோப்பின் நேரத்தை ஒவ்வோர் அழைப்பின்போதும் கேட்டால் வேகம் கெடும். ஒரு மடக்குக்குள் ஒரு செயற்கூறு ஒரு லட்சம் முறை அழைக்கப்படுவது எண்சார் கணிப்பில் அன்றாட நிகழ்வு. கோப்பு வேறொரு கணினியில், வலையமைப்பு வழியாக எட்டக்கூடியதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். எனவே ஆக்டேவ் ஓர் எளிய விதியை வைத்துக்கொண்டது. திரையில் தூண்டுகுறி ஒருமுறை தோன்றியபின், ஒரு செயற்கூற்றின் நேரம் அதிகபட்சம் ஒருமுறைதான் சரிபார்க்கப்படும். அடுத்த சரிபார்ப்பு அடுத்த தூண்டுகுறிக்குப் பிறகு. நடப்பு அடைவு மாறினாலும் புதிய தேடல் நடக்கும்.

இன்னொரு சலுகையும் உண்டு. ஆக்டேவுடன் சேர்ந்தே வரும் செயற்கூறுகளை யாரும் திருத்தப்போவதில்லை என்று வரிமொழிமாற்றி நம்பிக்கொள்கிறது. அந்த அடைவுகளில் உள்ளவற்றின் நேரத்தைச் சரிபார்ப்பதே இல்லை. இதை மாற்றிக்கொள்ள 'செயற்கூற்று நேர முத்திரையைப் புறக்கணி' என்ற பொருள்படும் பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு மூன்று நிலைகள்: ஆக்டேவின் சொந்தச் செயற்கூறுகளை மட்டும் புறக்கணித்தல், எல்லாவற்றையும் புறக்கணித்தல், எதையும் புறக்கணியாமை. முதலாவதே இயல்புநிலை.

தூண்டுகுறியை அளவுகோலாக எடுத்துக்கொண்டது நல்ல தீர்வு. மனிதர் ஒருவர் கோப்பைத் திருத்திச் சேமித்துவிட்டு அடுத்த கட்டளையைத் தட்டுவதற்குள் ஒரு தூண்டுகுறி கட்டாயம் வந்திருக்கும். ஆகவே எழுதிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, மீண்டும் திருத்தும் மாணவருக்கு எந்த இடையூறும் இல்லை. பைத்தானின் ஊடாட்ட முகப்பில் ஒரு கூறைத் திருத்தினால் மறுபடி ஏற்றச் சொல்ல வேண்டும். இல்லையேல் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். பிழை நேரும்போது பைத்தான் காட்டும் தடயப் பட்டியல் மூலவரிகளை வட்டிலிருந்து எடுப்பதால், ஓடுவது பழைய நிரலாகவும் திரையில் தெரிவது புதிய வரியாகவும் அமைந்துவிடும். பழகியவர்களையே குழப்பும் நிலை அது. தூண்டுகுறியின் முன் உட்கார்ந்திருக்கும் ஆக்டேவ் மாணவர் இந்தக் குழப்பத்திலிருந்து பெருமளவு தப்பிவிடுகிறார்.

பாதி பழையது, பாதி புதியது

கட்டளை நீளும்போதுதான் சிக்கல். விதியைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். தூண்டுகுறிக்குப் பின் எல்லாச் செயற்கூறுகளும் ஒரே கணத்தில் சரிபார்க்கப்படுவதில்லை. ஒவ்வொன்றும் அக்கட்டளைக்குள் தான் முதன்முதலாக அழைக்கப்படும் கணத்தில் சரிபார்க்கப்படுகிறது.

ஒரு வெப்பப்பரவல் கணிப்பை எடுத்துக்கொள்வோம். அது ஆறு மணி நேரம் ஓடும். தொடக்கத்திலேயே அழைக்கப்படும் ஒரு செயற்கூறு பொருளின் வெப்பக்கடத்துத் திறனைத் தருகிறது. கடைசியில் அழைக்கப்படும் மற்றொன்று, கிடைத்த வெப்பநிலைகளிலிருந்து மொத்த வெப்ப இழப்பைக் கணக்கிடுகிறது. இரண்டும் ஒரே அலகைப் பயன்படுத்த வேண்டும். கணிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆய்வு மாணவர், நாளைய வேலைக்காக, இரண்டு கோப்புகளிலும் அலகை மாற்றிச் சேமிக்கிறார். முதல் செயற்கூறு ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டுவிட்டது. கட்டளை முடியும்வரை அதன் பழைய வடிவமே ஓடும். இரண்டாவது இன்னும் அழைக்கப்படவில்லை. ஆறாவது மணி நேரத்தில் முதன்முறையாக அழைக்கப்படும்போது வரிமொழிமாற்றி வட்டைப் பார்க்கிறது, கோப்பு புதிதாகியிருப்பதைக் காண்கிறது, கடமை தவறாமல் புதியதை ஏற்றுகிறது. வரும் விடை பழைய நிரலுக்கும் உரியதன்று, புதிய நிரலுக்கும் உரியதன்று. அந்த இரண்டு வடிவங்களும் வட்டில் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை.

பிழைச்செய்தி எதுவும் வராது. எண் ஒன்று வரும். அது நம்பத்தக்கதாகவும் தோன்றலாம்.

எல்லாவற்றையும் புறக்கணிக்கும் நிலைக்கு மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அந்த நிலை, ஏற்கெனவே நினைவகத்தில் உள்ளவற்றை மீண்டும் படிக்காமல் தடுக்கும். இன்னும் ஒருமுறைகூட ஏற்றப்படாத செயற்கூறு அழைக்கப்படும்போது, அந்தக் கணத்தில் வட்டில் இருப்பதைத்தானே படித்தாக வேண்டும்? நெடுநேரக் கணிப்புகளை ஓட்டுவோர் அடைவு முழுவதையும் வேறோர் இடத்துக்கு நகலெடுத்து, அந்த நகலை ஓட்டுவதே இன்றைக்குப் பாதுகாப்பான வழி. ஆனால் வரிமொழிமாற்றி நேரத்தைக் கண்காணிக்கிறது என்று கேட்டவர், அது ஒரு கட்டளை முழுவதையும் ஒரே நிலையில் வைத்திருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார். ஆக்டேவின் கையேடு தூண்டுகுறி விதியைச் சொல்கிறது. இந்தக் கலப்பு நேரும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே விதி எதிர்த்திசையிலும் தடுக்கிவிடுகிறது. ஒரு நிரல், தான் ஓடும்போதே ஒரு செயற்கூற்றுக் கோப்பை எழுதி, அழைத்து, பின் அதையே மாற்றி எழுதி மீண்டும் அழைப்பதாகக் கொள்வோம். சமன்பாடுகளிலிருந்து நிரல் உருவாக்கும் கருவிகள் இப்படிச் செய்வதுண்டு. இடையில் தூண்டுகுறி எதுவும் தோன்றவில்லை. ஆகவே இரண்டாம் முறை எழுதப்பட்டது கவனிக்கப்படாமல் போகலாம். நினைவகத்திலிருந்து பழைய வரையறையை நீக்கும் கட்டளையை நிரலரே இடையில் சேர்க்க வேண்டும். மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்ற அனுமானத்தில் பிறந்த விதி, மனிதர் இல்லாத இடத்தில் தடுமாறுவது இயல்புதான்.

கடிகாரத்தை நம்பலாமா?

கோப்பின் நேரத்தை வைத்து 'மீண்டும் செய்ய வேண்டுமா' என்று முடிவு செய்யும் முறை ஆக்டேவின் கண்டுபிடிப்பன்று. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய 'மேக்' கருவி இதே உத்தியில் இயங்குவது. அக்கருவியின் பழைய நோய்களும் இங்கே தொற்றிக்கொண்டன.

அவற்றுள் முதன்மையானது, 'புதியதா?' என்று மட்டும் கேட்பது. கோப்பு படிக்கப்பட்ட நேரத்தைவிட அதன் திருத்த நேரம் பிந்தியதா என்பதுதான் சோதனை. காப்பு நகலிலிருந்து சென்ற மாதத்துக் கோப்பை, அதன் பழைய நேரத்தோடு, ஒருவர் மீட்டெடுத்து வைத்தால் உள்ளடக்கம் மாறிவிட்டது. ஆனால் நேரம் பின்னோக்கிப் போயிருக்கிறது. 'புதியதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்பதே விடை. 'வேறாகிவிட்டதா?' என்று கேட்டிருந்தால் 'ஆம்' என்று வந்திருக்கும். இரண்டு கேள்விகளுக்கும் ஆகும் செலவு ஒன்றே.

அடுத்தது கடிகாரங்களின் முரண். கோப்பு சேவையகக் கணினியில் இருக்கும், வரிமொழிமாற்றி மேசைக் கணினியில் ஓடும். சேவையகத்தின் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கியிருந்தால், இப்போது சேமித்த கோப்பு இரண்டு நிமிடம் பழையதாகத் தெரியும். திருத்தம் கண்ணில் படாது. முந்தியிருந்தால், கோப்பு எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றும். ஆக்டேவ் இந்த இரண்டாம் நிலைக்கு எச்சரிக்கை வைத்திருக்கிறது. எதிர்கால நேரம் கொண்ட செயற்கூற்றுக் கோப்பைக் கண்டால் அதைச் சொல்லும்; அந்த எச்சரிக்கைக்கெனத் தனி அடையாளப் பெயரும் உண்டு. பாராட்டத்தக்கதே. ஆனால் ஆபத்து குறைந்த நிலைக்குத்தான் எச்சரிக்கை வாய்த்தது. எதிர்கால நேரத்தால் நேர்வது வீணான மறுவாசிப்பு. பின்தங்கிய கடிகாரத்தால் நேர்வது தவறான விடை, அதுவும் ஓசையின்றி.

நுண்மை மூன்றாவது. சில கோப்பு முறைமைகள் நேரத்தை முழு விநாடிகளில் மட்டுமே குறிக்கும். பழைய ஃபேட் முறைமையில் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் எண் மாறும். மனிதக் கைகளுக்கு இது போதும். தானியங்கிக் கருவிகளுக்குப் போதாது.

பைத்தான் உருவாக்குநர்கள் இதே நோயை வேறோர் இடத்தில் சந்தித்தனர். பைத்தான் தான் மாற்றிய உள்வடிவத்தைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைக்கும்போது மூலக்கோப்பின் திருத்த நேரத்தை அதன் தலைப்பில் எழுதுகிறது. 3.3 பதிப்பு முதல் மூலக்கோப்பின் பைட்டு அளவும் சேர்ந்தது. அப்படியும், ஒரே விநாடிக்குள் அளவு மாறாமல் திருத்தினால் தப்பிவிடும். ஒன்று என்ற எண்ணை இரண்டு என்று மாற்றுவதில் அளவு மாறாதல்லவா? ஒரே மூலத்திலிருந்து ஒரே மாதிரியான கோப்பு கிடைக்க வேண்டும் என்போருக்கும் நேர முத்திரை தொல்லையாக இருந்தது. 2018 இல் வந்த 3.7 பதிப்பு, நேரத்துக்குப் பதிலாக மூல உரையின் ஹேஷ் மதிப்பைப் பதியவும் வழி செய்தது. உரையிலிருந்து கணக்கிடப்படும் சிறிய எண்தான் ஹேஷ். உரையில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும் என்று நடைமுறையில் கொள்ளலாம். கடிகாரம் அதற்குத் தேவையில்லை.

ஆனால் ஹேஷ் வந்ததால் நேரம் தேவையற்றுப் போகவில்லை. இரண்டு ஹேஷ் மதிப்புகள் வேறு வேறு என்றால் உரை மாறியது தெரியும்; எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாது. அன்றியும், ஹேஷைக் கணக்கிட உரை முழுவதையும் படிக்க வேண்டும். நேரத்தை அறியக் கோப்பைத் திறக்கவே வேண்டாம். நேரம் முதல் சல்லடையாகவும் ஹேஷ் உறுதிச்சான்றாகவும் இருப்பதே பொருத்தம். ஆக்டேவ் ஒரு செயற்கூற்றை ஏற்றும்போது எப்படியும் உரை முழுவதையும் படிக்கிறது. அப்போதே ஹேஷைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

கேட்க முடியாத குறிப்பு

ஆக்டேவின் ஏற்பாட்டில் பெரிய குறை கடிகாரத்தைச் சார்ந்தது அன்று. பதிந்து வைத்த நேரத்தைப் பயன்படுத்துவோர் கேட்டுப் பெற இயலாமல் இருப்பதே பெரிய குறை. ஒரு செயற்கூறு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கேட்கலாம். செயற்கூற்றுக் கைப்பிடி ஒன்றைக் கொடுத்து அதன் பெயர், வகை, கோப்பு ஆகியவற்றைப் பெறலாம். எப்போது படிக்கப்பட்டது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கோப்பின் இப்போதைய திருத்த நேரத்தை இயக்கமுறைமையிடம் கேட்கலாம்தான். ஆனால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது அந்த வடிவந்தானா என்பதே கேள்வியாக இருக்கும்போது அதனால் பயன் குறைவு.

இதில் ஒரு முரண்நகை உண்டு. மாறிகளை உரை வடிவில் சேமிக்கும்போது ஆக்டேவ் கோப்பின் முதல் வரியில் தன் பதிப்பு எண்ணையும், சேமித்த நாளையும் நேரத்தையும், பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் தானாகவே எழுதுகிறது. விடைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. அந்த விடையைப் பெற்ற செயற்கூறுகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மேற்சொன்ன வெப்ப இழப்புக் கணிப்பில், ஆய்வேட்டில் ஏறிவிட்ட ஓர் எண்ணின் மேல் ஓராண்டு கழித்து ஐயம் எழுந்தால், அது எந்த நாளில் எந்தக் கணினியில் சேமிக்கப்பட்டது என்று சொல்ல முடியும். இரண்டு செயற்கூறுகளும் எந்த வடிவில் ஓடின என்று சொல்ல முடியாது. பதிப்பு மேலாண்மைக் கருவியில் எல்லாம் பதிவாகியிருந்தாலும் பயன் இல்லை. பாதி பழையது, பாதி புதியது என்ற கலவை எந்தப் பதிவிலும் இருக்காது. வரிமொழிமாற்றி ஒன்றுக்கு மட்டுமே அந்த உண்மை தெரிந்திருந்தது. நிரல் முடிந்ததும் அதுவும் மறந்துவிட்டது.

இந்த இடத்தில் பழைய மொழிகள் தாராளமாக நடந்துகொண்டன. ஐபிஎம் நிறுவனத்தின் ஏபிஎல்2 மொழியில், ஒரு செயற்கூற்றின் பெயரைக் கொடுத்து அது கடைசியாக வரையறுக்கப்பட்ட நேரத்தைக் கேட்க ஓர் உள்ளமைந்த செயற்கூறு உண்டு. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, ஆயிரத்திலொரு விநாடி என ஏழு எண்கள் விடையாக வரும். ஏபிஎல் மரபில் செயற்கூறு ஒரு கோப்பில் இருப்பதில்லை. மாறிகளோடு சேர்ந்து பணிவெளி என்ற ஒரே தொகுதிக்குள் வாழ்கிறது. அதனால் நேரமும் செயற்கூற்றுக்கே உரியதாகிறது. ஒரு கோப்பில் துணைச் செயற்கூறுகள் பல இருக்க, ஒன்றைத் தொட்டாலும் எல்லாவற்றுக்கும் நேரம் மாறிவிடும் ஆக்டேவின் நிலை அங்கே இல்லை. டயலாக் நிறுவனத்தின் ஏபிஎல் இன்னும் ஒரு படி மேலே போய், கடைசியாகத் திருத்தியவரின் பயனர் அடையாளத்தையும் தருகிறது.

இன்டர்லிஸ்ப் வேறு வழியில் சென்றது. நிரலர் தம் பெயரின் முதலெழுத்துகளை ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். அவர் ஒரு செயற்கூற்றைத் திருத்தும்போதெல்லாம் திருத்தி அந்த எழுத்துகளையும் தேதியையும் செயற்கூற்றின் உள்ளேயே ஒரு குறிப்பாக எழுதிவிடும். செயற்கூறு எங்கே போனாலும் முத்திரை கூடவே போகும். கோப்பைச் சேமிக்கும்போது, அதன் தலைப்பில் உருவாக்கிய தேதியோடு எந்தெந்தச் செயற்கூறுகள் மாறின என்ற பட்டியலும் முந்தைய பதிப்பின் தேதியும் ஏறும். 1970களிலும் 1980களிலும் வளர்ந்த ஒரு மொழிக்கு இது வியப்பூட்டும் கவனம்.

இவற்றிலும் முழுமையானது ஸ்மால்டாக் மரபு. 1996 இல் வெளிவந்த ஸ்குவீக்கில் ஒவ்வொரு செய்முறையும் திருத்தியவரின் முதலெழுத்துகளையும் நேரத்தையும் தாங்கியிருக்கும். அதன் முந்தைய வடிவம் மாற்றங்களின் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற சுட்டும் உடனிருக்கும். பழைய வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏபிஎல் தரும் ஏழு எண்களிலிருந்து 'நேற்று மாலை மாறியது' என்று தெரிகிறது. என்ன மாறியது என்று தெரிவதில்லை. ஸ்குவீக்கில் நேரத்தைத் தொட்டால் உரை கிடைக்கிறது.

ஆக்டேவ் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதன் செயற்கூறுகள் சாதாரண உரைக்கோப்புகள்; பழைய வடிவங்களைக் காக்கப் பதிப்பு மேலாண்மைக் கருவிகள் இருக்கின்றன. வரிமொழிமாற்றி செய்ய வேண்டியது மூன்று சிறிய காரியங்கள். 'புதியதா?' என்பதை 'வேறாகிவிட்டதா?' என்று மாற்றுவது ஒன்று. ஏற்றிய நேரத்தையும் உரையின் ஹேஷையும் கேட்டால் சொல்வது மற்றொன்று. விடைகளைச் சேமிக்கும்போது, விரும்பினால், அப்போது நினைவகத்தில் இருந்த பயனரின் செயற்கூறுகளின் பட்டியலை ஹேஷோடு தலைப்பில் எழுதுவது மூன்றாவது. கட்டளையின் நடுவில் நேரும் கலப்பை இவை தடுக்கமாட்டா. ஆனால் கலப்பு நேர்ந்தது என்பதை ஓராண்டு கழித்தும் கண்டுபிடிக்க முடியும். கலப்பையே தடுக்க வேண்டுமானால், ஒரு கட்டளை தொடங்கிய நேரத்துக்குப் பின் திருத்தப்பட்ட கோப்பை அக்கட்டளைக்குள் ஏற்ற நேரும்போது எச்சரிக்க வேண்டும். எதிர்கால நேரத்துக்கு எச்சரிக்கும் வரிமொழிமாற்றிக்கு இது கடினமான வேலையன்று. ஒப்பிட வேண்டிய இரண்டு எண்களும் அதன் கையிலேயே இருக்கின்றன.

தூண்டுகுறியிலேயே நேரடியாகத் தட்டி வரையறுக்கப்படும் செயற்கூறுகள் இந்தக் கணக்கு எதிலும் சேராதவை. அவற்றுக்குக் கோப்பில்லை, ஆகவே ஒப்பிடக் கோப்பு நேரமும் இல்லை. வகுப்பறைகளில் மாணவர்கள் முதலில் எழுதிப் பழகுவது பெரும்பாலும் இவ்வகையைத்தான். சாளரத்தை மூடியதும் அவை மறைந்துவிடும். அவை தந்த விடைகள் மட்டும், சேமித்த நாளும் நேரமும் முதல் வரியில் பொறித்து, வட்டில் தங்கிவிடும்.